மூன்று லட்சம் ஓடிய டீசல் வண்டி: மீட்டரை விடுங்கள், ரசீதைக் கேளுங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் கேரவன் (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு) பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: நிறைய ஓடிய 4×4 டீசல் வண்டியை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். 2012 மாடல் ஹைலக்ஸ் 3.0 டி-4டி, டபுள் கேப், 4×4 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 3,10,000 கி.மீ. மாதம் இருமுறை சரக்கெடுக்க ஜோகன்னஸ்பர்க் போய்வந்த வியாபாரியின் வண்டி. அதே ஆண்டு, அதே மாடலில் இன்னொன்று 1,90,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. டர்பன் நகருக்குள்ளேயே இருந்தது, விலை நன்றாகவே கூடுதல். 1,400 கிலோ கேரவனைக் கட்டிக்கொண்டு டிராகன்ஸ்பர்க் பக்கமும், வாய்த்தால் லெசோத்தோவும் போக ஆசை. எதை எடுப்பது? எதையெல்லாம் பார்ப்பது?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: ரசீதுகள் கையில் இருந்தால் 3,10,000 ஓடியதை எடுங்கள். ரசீது இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம்.

முதலில் ஆள் சொல்வது உண்மையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் 570 கி.மீ. சுமார். போகவர 1,140. மாதம் இருமுறை என்றால் ஆண்டுக்கு 27,000 சொச்சம். பதினோரு ஆண்டில் மூன்று லட்சம். கதை பொருந்துகிறது. அடுத்து, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்று பாருங்கள். என்3 நெடுஞ்சாலையில் சராசரி 85 கி.மீ. வேகம் என்று வைத்தால் 3,10,000 கி.மீ.க்கு ஏறக்குறைய 3,650 மணி. நகருக்குள் சராசரி 30 கி.மீ. என்றால் 1,90,000 கி.மீ.க்கு 6,300 மணிக்கு மேல். மீட்டரில் இளமையாகத் தெரியும் வண்டிதான் எஞ்சினுக்குள் கிழடு. பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று பத்து நிமிடம் ஓடி நிற்கும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை. கரி சேரும், டீசல் ஆயிலில் கலக்கும், கிளச்சும் ஸ்டார்ட்டரும் தேயும்.

இனி இந்த எஞ்சினைப் பற்றி. 1கேடி என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்த 3.0 லிட்டர் எஞ்சினில் மூன்று இடங்களை விடாமல் பார்க்க வேண்டும்.

டைமிங் பெல்ட் 1,50,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற வேண்டியது. ஆக இந்த வண்டிக்கு இருமுறை மாறியிருக்க வேண்டும்; இரண்டாவது 3,00,000 ஒட்டி, அதாவது அண்மையில். "டேஷில் பெல்ட் விளக்கு எரியவில்லையே" என்பார்கள். அந்த விளக்கை யாரும் அணைத்துப் புதிதாக எண்ணவைக்கலாம். அது சாட்சி ஆகாது. பெல்ட்டும் டென்ஷனரும் வாங்கிய ரசீது, அதில் கிலோமீட்டர், அதுதான் சாட்சி. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் போய்விடும்.

இரண்டாவது, இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர். கையில் வைத்தால் பழைய ஒரு சென்ட் காசு மாதிரி இருக்கும், விலையும் அற்பம். ஆனால் அது கசிந்தால், எரியும் வாயு மேலேறி வால்வு மூடிக்குள் போகிறது. அங்கே ஆயில் கரிந்து தார்போல் கட்டியாகிறது. துண்டு துண்டாக உடைந்து கீழே சம்புக்கு (எஞ்சினின் ஆயில் தொட்டிக்கு) இறங்கி, ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெயினர் வலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. வலை அடைந்தால் ஆயில் ஏறாது. பேரிங்கும் டர்போவும் காய்ந்து கடிக்கும். ஆயில் பிரஷர் விளக்கு எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எனவே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஈரமான கருப்பு ஆயில் என்றால் டீசலுக்கு அது சகஜம். விரல் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும் காய்ந்த கரி என்றால் எச்சரிக்கை. விற்பவர் சம்மதித்தால் கீழ்ச் சம்பைக் கழற்றி வலையைக் கண்ணால் பார்த்துவிடுவது உத்தமம். சம்மதிக்காவிட்டால், வாங்கிய முதல் வாரமே வாஷர் மாற்றி, வலையைச் சுத்தம் செய்யும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மூன்றாவது, இன்ஜெக்டர்களே. ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது நான்கு சிலிண்டருக்கும் டீசல் திருத்த அளவு தெரியும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நலம். எதுவாவது கூட்டலிலோ கழித்தலிலோ 3 கன மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த இன்ஜெக்டரின் நாள் எண்ணப்படுகிறது. நான்கும் சேர்ந்து மாறும் செலவு சின்னச் செலவு அல்ல.

போகும் நேரத்தையும் யோசித்து வையுங்கள். காலையில் போங்கள், "வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் குழாயைத் தொடுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. குளிர்ந்த எஞ்சினில் அந்தக் குழாய் அமுக்கினால் அமுங்க வேண்டும். இரவெல்லாம் நின்ற பிறகும் கல்லாக இறுகியிருந்தால், சிலிண்டரிலிருந்து வாயு கூலன்ட்டுக்குள் போகிறது: ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டே விரிசல். சந்தேகம் இருந்தால் நீலத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கும் குழாய்த் திரவம் நிறம் மாறினால், டீசலில் பெரும்பாலும் பச்சையாகும், பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் நில்லுங்கள். ஒரு நொடி லேசான புகை பரவாயில்லை. கண்ணெரியும் வெண்புகை நிமிடக்கணக்கில் நின்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். நீலம் என்றால் ஆயில். பிறகு ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். மூடி மெல்ல ஆடினால் சரி. துள்ளி விழுந்தால் ரிங் தேய்ந்து வாயு கீழே இறங்குகிறது.

அடுத்து ஃபீல்ட்ஸ் ஹில். பைன்டவுனிலிருந்து குளூஃப் ஏறும் அந்த ஏற்றத்தில் நான்காம் கியரில் முழுக்க மிதித்து ஏற்றுங்கள். ஒருவர் பின்கண்ணாடியைப் பார்க்கட்டும், ஒருவர் சூட்டு முள்ளை. முள் நகரவே கூடாது. நாளை உங்கள் கேரவனோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லும் வான் ரீனன்ஸ் கணவாயும் ஏறப்போவது இதே எஞ்சின்தான்.

4×4 வேலை செய்கிறதா என்பதை மண்ணிலோ புல்லிலோ பாருங்கள், காய்ந்த தாரில் வேண்டாம். முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் வெவ்வேறு தூரம் ஓட முயன்று கியர்கள் முறுக்கேறும். முதலில் 4எச் (நான்கு சக்கர இழுவை, வேக கியர்), பிறகு நிறுத்தி நியூட்ரலில் 4எல் (மெதுவான கியர்). லீவர் உள்ளே போக மறுத்தால், ஆண்டுக்கணக்கில் யாரும் தொடவில்லை என்று பொருள். மண்பாதையில் எட்டுப் போட்டு ஓட்டினால் முன் ஆக்சில் மூட்டு டக் டக் என்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். முன்னும் பின்னும் உள்ள இரண்டு டிஃப்பின் (ஆக்சில் நடுவே உள்ள டிஃபரன்ஷியல் கியர்ப்பெட்டி) ஆயில் பிளக்கையும் திறந்து விரலில் தொடுங்கள். பாலேடு நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இத்தனையும் தேறினாலும் விலையில் நான்கில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மூன்று லட்சம் ஓடிய வண்டிக்கு ஷாக், புஷ், ரேடியேட்டர், குழாய்கள், கிளச் ஆகியவற்றில் ஏதாவது இரண்டு முதல் ஆண்டில் கேட்கும். ரேடியேட்டரை நான் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். கேரவன் இழுக்கும் வண்டியில் பழைய ரேடியேட்டரைக் காப்பாற்றி எஞ்சினைப் பறிகொடுப்பது நஷ்ட வியாபாரம்.

லெசோத்தோ பற்றி ஒரு வார்த்தை. சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். 4×4 அல்லாத வண்டியை நம் எல்லைச் சாவடியில் மேலே விடமாட்டார்கள். 4×4 இருந்தாலும் கேரவனைக் கீழே முகாமில் விட்டுவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: நீலப் புகை விடும் டீசல் எஞ்சினுக்கு ஆயிலில் ஊற்றும் மருந்து போட்டால் சரியாகுமா?
– வாசகர், உம்சிண்டோ

பதில்: ஆகாது. விற்கும்வரை புகையைக் கொஞ்சம் அடக்கிவைக்கும். அதனால்தான் விற்பவர்கள் அதை விரும்புகிறார்கள்.

கேள்வி: என்னிடம் பி கோடு லைசென்ஸ். கேரவனில் காலியாக 1,150 கிலோதான் என்று விற்றவர் சொன்னார். தகட்டில் ஜிவிஎம் (முழுச் சுமையோடு அனுமதித்த எடை) 1,500 என்றிருக்கிறது. சாலையில் நிறுத்தினால் சிக்கலா? எந்த எடை கணக்கு?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: சிக்கல்தான், அம்மா. பி கோடில் 750 கிலோ ஜிவிஎம் வரையுள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம். அதற்கு மேல் இபி கோடு லைசென்ஸ் வேண்டும். கணக்கு தகட்டில் உள்ள ஜிவிஎம்மே தவிர, அன்றைக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்பது அல்ல. உங்கள் கணவரிடமோ அண்ணனிடமோ பழைய 08 கோடு லைசென்ஸ் இருந்திருந்தால், அது அட்டையாக மாறியபோது இபி ஆகியிருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இழுக்கும் வண்டிக்கும் கணக்கு உண்டு. உங்கள் கேரவனில் இருப்பது ஓவர்ரன் பிரேக்: முன் வண்டி வேகம் குறைத்ததும் கேரவன் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கொண்டியை அமுக்கிப் பிரேக்கைப் பிடிக்கும். இந்த வகை டிரெய்லரின் ஜிவிஎம், இழுக்கும் வண்டியின் டேர் எடையை (காலி வண்டியின் எடையை) தாண்டக் கூடாது. டபுள் கேப் ஹைலக்ஸின் டேர் 1,900 கிலோவை ஒட்டி வரும், 1,500 கிலோ கேரவனுக்குத் தாராளம். சிறிய எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். வண்டியின் கையேட்டில் நிறுவனம் சொல்லும் இழுவை எடை இன்னும் குறைவாக இருந்தால் அதுதான் எல்லை.

வீட்டிலேயே ஒன்று அளந்துவிடுங்கள். சமமான தரையில் கேரவனை நிறுத்தி, குளியலறை எடைக் கருவியின் மேல் ஒரு பலகை வைத்து, கொண்டியின் உயரத்துக்கு வெட்டிய கட்டையை அதன் மேல் நிறுத்தி, கேரவனின் மூக்கை அதில் இறக்குங்கள். எல்லாச் சாமானும் ஏற்றிய பிறகு 1,400 கிலோ கேரவனுக்கு 85 முதல் 100 கிலோ வரை காட்டினால் நல்லது, இழுக்கும் வண்டியின் கொண்டிப் பந்தின் மேல் பொறித்த எல்லையையும் தாண்டக் கூடாது. 40 என்று காட்டினால் கேரவன் வாலாட்டும், 100 கி.மீ. வேகத்தில் அந்த ஆட்டத்தை அடக்குவது கடினம். தண்ணீர்த் தொட்டியையும் அரிசி மூட்டையையும் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் தள்ளிவைத்து மறுபடி அளங்கள்.

கேள்வி: மீன்பிடிக்கப் போகும் ஸ்கி போட்டை இழுக்க, லாண்ட் குரூசர் 79 பக்கி (பிக்கப் வண்டி) பார்த்திருக்கிறேன். 4.2 டீசல், 4,80,000 கி.மீ. அடியில் புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. "இந்த எஞ்சின் சாகாது" என்கிறார் விற்பவர். உண்மையா?
– வாசகர், டொங்காட்

பதில்: எஞ்சினைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம் உண்மை. பெயின்ட்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

1எச்இசட் என்ற அந்த 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினில் டர்போ இல்லை, காமன் ரயில் இல்லை. 96 கிலோவாட், 285 நியூட்டன் மீட்டர். ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போகத் தெரிந்தவருக்கு ஏற்ற எஞ்சின். டைமிங் பெல்ட்டை மட்டும் 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 4,80,000 என்றால் நான்கு ரசீது. பிற்பாடு யாராவது டர்போ பொருத்தியிருந்தால் நின்று யோசியுங்கள். டீசல் கூட்டிவிட்டு, புகைச்சூடு காட்டும் மீட்டர் வைக்காமல், படகைக் கட்டிக்கொண்டு மலை ஏறியிருந்தால் ஹெட்டில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம்.

இனி அந்தக் கருப்புப் பெயின்ட். நம் கரையில் 2002 முதல் கடற்கரையில் வண்டி ஓட்டத் தடை. ஆனால் படகு இறக்கும் இடங்களில் இன்றும் பின்சக்கரம் உப்புத் தண்ணீரில் நனைகிறது, மொசாம்பிக்கின் போன்டா டோ ஓரோ பக்கம் போய்வருகிறவர்களும் குறைவில்லை. சேஸி வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து பிடிப்பதே மோசம். பெட்டிபோல் மூடிய சேஸிக்குள் ஈர மணல் தங்கி மாதக்கணக்கில் அரிக்கும். சிறு சுத்தியல் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சேஸி வளையும் இடம், ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட், பாடி மவுண்ட், ஸ்டெப்னி மறைக்கும் குறுக்குச் சட்டம்: ஒவ்வொன்றையும் தட்டுங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். துரு தின்ற இரும்பு தகரடப்பாவில் மண்ணைப் போட்டுத் தட்டியதுபோல் சத்தம் கொடுக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். பெயின்ட்டோடு உள்ளே போனால் அங்கே சேஸி இல்லை, பெயின்ட் மட்டும்தான். பிரேக் குழாய்களைத் துணியால் துடைத்து, கொப்புளம் இருக்கிறதா பாருங்கள்.

முன் ஆக்சிலில் சக்கரம் திரும்பும் உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருக்க வேண்டும். கறுப்புக் கூழ் வழிந்தால் உள் சீல் போய், டிஃப் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது. பிரித்து, பேரிங், சீல் எல்லாம் மாற்றிக் கட்ட ஒரு முழுநாள் வேலை.

வாங்கிய பிறகும் ஒரு பழக்கம் வேண்டும். நெடுந்தூரம் ஓடிய சூட்டோடு டிரெய்லரைக் கடலுக்குள் இறக்காதீர்கள். சக்கரக் குடத்துக்குள் இருக்கும் சூடான காற்று, குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு மாதத்தில் பேரிங் ஊளையிடும். கையால் குடத்தைத் தொட்டு, சூடு ஆறும்வரை காத்திருங்கள். டிஃப்பிலும் இதே கதை. அதன் மூச்சுக்குழாயை நீட்டிப் பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் தீரும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், சேஸிக்குள்ளும் குழாயை நுழைத்து.

ஒரு பக்கக் குறிப்பு: தமிழ்நாட்டு உறவுகளிடம் "புதுப் பக்கி வாங்கினேன்" என்று வாட்ஸாப்பில் போடாதீர்கள். யாரைத் திட்டுகிறீர்கள் என்று கேட்பார்கள்.

கேள்வி: பஜெரோ 3.2 டிஐ-டி ஆட்டோமேட்டிக், 2,60,000 கி.மீ. இதில் பெல்ட் இல்லை, செயின்தான், ஆகவே செலவே இல்லை என்கிறார் தரகர். லெனேசியாவிலிருந்து டர்பனுக்குக் கேரவனோடு வருவேன்.
– வாசகர், லெனேசியா

பதில்: செயின் உண்மை, செலவில்லை என்பது பொய். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் சங்கிலி குலுங்கும் சத்தம் ஓரிரு நொடிக்கு மேல் நீடித்தால் டென்ஷனரும் வழிகாட்டிப் பட்டையும் தேய்ந்துவிட்டன. ஆயிலைத் தள்ளிப்போட்டு மாற்றிய வண்டியில் இது சீக்கிரம் வரும். ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கினால், சிக்னலில் நின்று அணைந்தால், டீசல் பம்பில் உள்ள சக்ஷன் கன்ட்ரோல் வால்வைப் பாருங்கள். காற்று உள்வாங்கும் மேனிஃபோல்டைக் கழற்றினால் ஈஜிஆர் (எஞ்சினுக்குள்ளேயே திருப்பிவிடப்படும்) புகையும் ஆயில் ஆவியும் சேர்ந்து கெட்டியாகி, வழியில் பாதியை அடைத்திருப்பதைப் பார்க்கலாம். சுத்தம் செய்ததும் வண்டி மூச்சுவிடும்.

கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் இழுவை வேலைக்கு எடுக்காதீர்கள். நல்ல நிலையில் இருந்தாலும் தனிக் கூலர் ஒன்று போடுங்கள். கேரவனோடு ஏறும்போது கடைசி கியருக்கு ஏறவிடாமல் ஒரு படி கீழேயே ஓட்டுங்கள். கியர் மாறி மாறித் தேடும்போதுதான் ஆயில் கொதிக்கிறது. உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: டர்பனுக்கு வரும்போது பெரும்பாலும் இறக்கம், எந்தக் குறையும் தெரியாது. கடல் மட்டத்திலிருந்து திரும்ப ஏறும்போதுதான் தெரியும். சோதனை ஓட்டத்தை ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் சமதரையில் முடித்துவிடாதீர்கள்.

கேள்வி: ரோட்வொர்தி சர்டிபிகேட்டோடு தருகிறேன் என்கிறார் விற்பவர். அது போதாதா?
– வாசகர், ஸ்டாங்கர்

பதில்: போதாது. அது பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், துரு ஆகியவற்றைப் பார்க்கும் சட்டப் பரிசோதனை. இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ பார்க்காது. எழுதிய நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும். பெயர் மாற்றத்துக்கு அது தேவை. எஞ்சின் நிலைக்குத் தனியே டெக்ரா அல்லது ஏஏ போன்ற இடத்தில் டெக்னிக்கல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணம் உங்களுடையதாக இருக்கட்டும்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விஐஎன் (வண்டி அடையாள) எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே தேடி ஒத்துப்பாருங்கள். கோடு 3 என்றிருந்தால் அது விபத்தில் சிதைந்து மறுபடி கட்டிய வண்டி. கேரவன் இழுக்க வேண்டாம். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல் வங்கியிடமே கட்டித் தீர்வுக் கடிதம் வாங்குங்கள். வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயருக்குப் பதிய வேண்டும். தனியாரிடம் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொண்டீர்கள் என்று பொருள். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைக்குக் கேள்வி கேட்கலாம். வயதுக்கேற்ற தேய்மானம் அதில் சேராது.

கேள்வி: ஃபோர்ட் ரேஞ்சர் 3.2 வாங்கிவிட்டோம், 2,40,000 கி.மீ. தம்பி வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறேன் என்கிறான். விடலாமா?
– வாசகி, இசிபிங்கோ

பதில்: விடலாம், ஆனால் மாலைவரை ஆயிலை வடியவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. இந்த ஐந்து சிலிண்டர் எஞ்சினில் ஆயில் பம்ப் காய்ந்துவிட்டால் மறுபடி ஆயிலை இழுக்க மறுக்கலாம். புது ஃபில்டர், புது ஆயில், வாஷர், கருவி எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்துவைத்த பிறகே பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள். வடிந்து பத்து நிமிடத்துக்குள் புது ஆயில் உள்ளே போய்விட வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடியில் அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்தி, மெக்கானிக்கை வீட்டுக்கு அழைக்கட்டும். இன்னொரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம்.